சட்டைப்பையில் இருந்த ஃப்யூஸ்

மதியம் இரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, துண்டு கிடைக்காமல் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தேன். பைக்குள் ஏதோ நெருடியது. எடுத்துப் பார்த்தால், உறைகூடப் பிரிக்காத ஒரு ஃப்யூஸும் அதைப் பொருத்துகிற சின்னக் கூடும். அந்த நேரத்தில் அவை இருந்திருக்க வேண்டிய இடம் என் சட்டைப்பை அல்ல. என் காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால், அன்று காலையில் நான் புதிதாக இழுத்த சிவப்புக் கம்பியின் நடுவில் இருந்திருக்க வேண்டும். அந்தக் காரை என் மகள் ஓட்டிக்கொண்டு கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

கார் வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு கதைகளைக் கேட்கிறீர்கள். யாரோ கைவிட்ட வண்டியை நான் அரை மணியில் ஓடவைத்த கதை, மழைத்தண்ணீரில் மூழ்கிய ஜீப்புக்கு உயிர் கொடுத்த கதை. திருவண்ணாமலையில் இருபத்தாறு வருஷம் கடை நடத்தியவனுக்கு அப்படிக் கதைகள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறேன். அவற்றால் உங்களுக்குப் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. கழுத்து எலும்பு தேய்ந்து போய்க் கடையை மூடி ஒன்றரை வருஷம் ஆன பிறகு, என் வீட்டு வாசலில், என் சொந்தக் காரில் நான் செய்த வேலையைச் சொல்கிறேன். அதுதான் உங்களுக்கு வேண்டியது. நடந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதும் சட்டை போடும்போதெல்லாம் பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஃப்யூஸ் என்ன செய்யும் என்று உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. கம்பியில் மின்சாரம் ஜாஸ்தியானால் தான் முதலில் எரிந்து கம்பியைக் காப்பாற்றும். அது இல்லையென்றால் கம்பியே எரிய வேண்டும். கம்பிக்குப் பிறகு பஞ்சு, பிளாஸ்டிக், சீட்டுத் துணி. அதற்குப் பிறகு சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள்.

விஷயம் இதுதான். என் மகள் பவித்ராவுக்கு இருபது வயது. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் வண்டி பழசு. அதிலிருக்கும் ரேடியோவும் பழசு. போனையோ வேறெதையோ சொருகிப் பாட்டுக் கேட்க அதில் வழி கிடையாது. "பாட்டு இல்லாம ஓட்டுனா ரோடே என்ன மொறைக்கிற மாதிரி இருக்குப்பா" என்றாள். போனை வண்டிக்குள் கையில் எடுக்கவே கூடாது என்பது என் சட்டம். வண்டி ஓட்டும்போது போன் சத்தமில்லாமல் பைக்குள், பை பின் சீட்டில். யார் கூப்பிட்டாலும் எடுக்கக்கூடாது. "நானே கூப்பிட்டாலும் எடுக்காத. வண்டி ஓடும்போது போன் எடுத்தேன்னு தெரிஞ்சா சாவிய வாங்கி வெச்சிடுவேன்" என்று அவளிடம் சத்தியமே வாங்கியிருந்தேன். இதையெல்லாம் ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் கூடாதென்றால் வேறு ஏற்பாடு வேண்டுமே. தீப்பெட்டி அளவில் பாட்டு மட்டும் பாடுகிற சின்ன பிளேயர் ஒன்றை வாங்கினேன். அதைப் பழைய ரேடியோவோடு இணைக்க ஒரு அடாப்டர். இணையத்தில் இந்த அடாப்டரைப் பொருத்திக் காட்டும் வீடியோக்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடிக்கிறவனெல்லாம் 'பத்தே நிமிடத்தில் நீங்களே செய்யலாம்' என்கிறான். அவற்றில் இரண்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு நானே பொருத்தினேன்.

எப்படிப் பொருத்தினேன் என்று கேளுங்கள். ரேடியோவுக்கு வருகிற கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால் வண்டிக் கம்பெனி போட்ட ஃப்யூஸாவது காவலுக்கு இருந்திருக்கும். அதில் எடுத்தபோது பாட்டில் லேசாக ஒரு இரைச்சல். என் கை வேலையில் இரைச்சலா? சாவி போடும் இடத்துக்கு வருகிற தடித்த கம்பியிலிருந்து நேராக எடுத்தேன். அதில் வண்டியை நிறுத்தினாலும் மின்சாரம் நிற்காது. நம் தொழிலில் இதற்கு 'டைரக்ட்' என்று பெயர் வைத்திருக்கிறோம். முதலில் டைரக்டாகக் கொடுத்துப் பார்ப்போம், ஓடினால் பிறகு ஃப்யூஸ் போடுவோம். இந்த 'பிறகு' இருக்கிறதே, அதில்தான் நம் தொழிலின் மொத்த அகம்பாவமும் இருக்கிறது. காசு கொடுக்கிறவன் வண்டியில் இந்தப் 'பிறகு' ஐந்து நிமிடம். சொந்த வண்டியில் அதற்குக் கெடுவே கிடையாது.

கம்பி, பிரேக் பெடலைத் தாங்கும் இரும்புத் தகட்டின் விளிம்பைத் தொட்டபடி போயிற்று. உரசித் தோல் தேயாமல் இருக்க அங்கே டேப் சுற்ற வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதற்குள், சோதித்துப் பார்க்கப் பேட்டரிக் கம்பியைத் திரும்ப மாட்டியதுமே, முன் சீட்டிலிருந்து பவித்ரா கத்தினாள்.

"வருதுப்பா! பாட்டு வருது!"

வீட்டுக்குள்ளேயிருந்து என் மனைவி. "மணி ஒண்ணரை ஆவுது. கலா அங்க கெளம்பி வாசல்லயே நின்னுனு இருப்பா. அனுப்புங்க பாப்பாவ."

கலா என் மனைவியின் தங்கை. கீழ்பென்னாத்தூரில் வாழ்கிறாள். அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு அவளைப் போய் அழைத்து வருவதுதான் பவித்ராவின் முதல் தனிப் பயணம். நான் கருவிகளைச் சுருட்டினேன். டேஷ்போர்டின் அடிமூடியைத் தட்டி மூடினேன். ஃப்யூஸைச் சட்டைப்பையில் போட்டேன். இரண்டு நிமிட வேலை, சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம்.

நானும் கூடவே போயிருக்கலாம். போகவில்லை. அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்குத் தைரியம் வராது என்று எங்கோ படித்திருந்தேன்.

இரண்டு நாற்பத்திரண்டுக்கு வருகிறேன். ஃப்யூஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து என் மனைவி கேட்டாள்.

"இன்னாங்க, மூஞ்சி இப்படிப் போவுது?"

"ஒண்ணுமில்ல. செரிக்கல."

அன்றைய முதல் பொய் அது.

பவித்ராவின் போனுக்கு அடித்தேன். மணி போயிற்று, எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும். ஆறாவது தடவைதான் உறைத்தது. அவள் எடுக்க மாட்டாள். எடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியவனே நான்தானே.

கலாவுக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"மாமா! நானே கூப்புடலாம்னு இருந்தேன். இன்னாமா ஓட்டுறா மாமா உங்க பொண்ணு! இப்பதான் ஊரத் தாண்டினோம்."

"பாட்டு கேக்குதா?"

இதைத்தான் கேட்டேன். மகள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் நெருப்பை வைத்து அனுப்பிவிட்டு, முதலில் கேட்ட கேள்வி இது.

"அய்யோ, சூப்பரா கேக்குது. நடுவுல கொஞ்சம் கொரகொரன்னுது. அப்புறம் தானா சரியாயிடுச்சு."

கம்பி இரும்பில் உரச ஆரம்பித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். எனக்குத் தெரியும்.

"சாமான்லாம் எடுத்துக்கினியாம்மா?"

"தேங்கா, பூ எல்லாம் பின்னாடி இருக்கு மாமா. கற்பூரம்தான் ரெண்டு பெரிய பாக்கெட்டு. கீழ வெச்சா மிதிச்சுடுவேன்னு முன்னாடி டேஷ்போர்டு மேலயே வெச்சிட்டேன்."

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஃப்யூஸ் மறப்பது மறதி. மறதி யாருக்கும் வரும். நான் செய்த உண்மையான தப்பு இனிமேல்தான் வருகிறது. ஃப்யூஸ் இல்லாத கம்பி, உரசுகிற சத்தம், அதற்கு ஒரு முழம் மேலே இரண்டு பாக்கெட் கற்பூரம். மூன்றும் எனக்குத் தெரியும். போன் கையில் இருக்கிறது. எதிர்முனையில் ஆள் இருக்கிறாள். 'வண்டிய நிறுத்து, ரெண்டு பேரும் எறங்குங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நான் சொன்னது வேறு.

"சரிம்மா. மெதுவா வரச் சொல்லு."

வைத்துவிட்டேன்.

ஏன்? கலா தன் மாமியார் வீட்டில் என்னைப் பற்றிப் பேசிவைத்திருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். "எங்க மாமா கைய வெச்சா வண்டி வாயத் தொறந்து பேசும்" என்பாள். அவளிடம் போய், நான் ஃப்யூஸ் போட மறந்துவிட்டேன் என்று சொல்வதா? கீழ்பென்னாத்தூர் முழுக்கச் சிரிக்குமே. இந்தக் கணக்குத்தான் அந்த நொடியில் என் தலைக்குள் ஓடியது. மகளுடைய உயிரை ஒரு தட்டில் வைத்தேன். ஒரு சின்ன ஊரில் நாலு பேர் சிரிக்கப்போகிற சிரிப்பை இன்னொரு தட்டில் வைத்தேன். சிரிப்பு கனமாக இருந்தது. இப்படியும் ஒருவன் இருபத்தாறு வருஷம் கடை வாசலில் 'எலக்ட்ரிகல் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டியிருந்தான்.

ஒரு நிமிடத்தில் புத்தி வந்தது. மறுபடி கலாவுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பௌர்ணமியன்று மதியத்துக்கு மேல் எங்கள் ஊரில் போன் எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். மலையைச் சுற்ற வருகிற கூட்டமெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரே நேரத்தில் போனைக் காதில் வைக்கிறது. ஒருவருக்கும் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்த அந்த ஒரு அழைப்பை நான் பாட்டு விசாரிக்கச் செலவழித்துவிட்டேன்.

ஸ்கூட்டரை எடுத்தேன். "எங்க போறீங்க?" என்று மனைவி கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை. அவளிடம் சொல்லியிருந்தால் அவளும் ஒரு பக்கம் போன் போட்டுக்கொண்டே இருந்திருப்பாள். அதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஸ்பானர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் தோன்றவில்லை. தீயை அணைக்க ஓடும் எலக்ட்ரீஷியன் வெறுங்கையோடு ஓடினான். கையில் இருந்தது அந்த ஃப்யூஸ் மட்டும். அதை வைத்து என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போகிற வழியில் ஒரு வாத்தியார் ஞாபகம் வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வந்தவர். நான் போட்ட அதே மாதிரி அடாப்டரை அவரே தன் காரில் போட்டிருந்தார். பாட்டு ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்று கொண்டுவந்தார். டேஷ்போர்டைக் கழற்றினால் கம்பி இணைப்புகள் மேலெல்லாம் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி. டேப் கிடைக்கவில்லையாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடையில் நின்ற மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சார், உங்க வண்டிக்கு அடிபட்டுச்சா? தையல் போடலியா?" என்று கேட்டேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்று முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன்.

ஸ்கூட்டரில் போகும்போது எனக்கு ஞாபகம் வந்தது பிளாஸ்திரி அல்ல. அதற்கு ஒரு சாண் முன்னால், கம்பி தொடங்குகிற இடத்திலேயே, அந்த மனிதர் ஒரு ஃப்யூஸ் போட்டிருந்தார். அளவும் சரியான அளவு. அதை அன்றே நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தெரியாதவன் பயந்து பயந்து ஒவ்வொன்றையும் படித்துச் செய்கிறான். அவனுடைய வேலை கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும், வண்டி எரியாது. நம் வேலை கண்ணுக்கு அழகாக இருக்கும்.

ஊர் எல்லையில் தடுப்பு போட்டிருந்தார்கள். வெளியூர் பஸ்களெல்லாம் உள்ளே வந்துகொண்டிருந்ததால் எதிர்ப்பக்கம் எந்த வண்டியும் போக விடவில்லை. ஒரு பெண் போலீஸ் கையைக் காட்டினார். முப்பது வயது இருக்கும். காலையிலிருந்து வெயிலில் நின்ற முகம்.

"எங்க சார்? டூ வீலர் வுடறதில்ல."

"எமர்ஜென்சிம்மா. வீட்ல ஒருத்தருக்கு உடம்பு முடியல."

"காலைலருந்து எனக்கு எமர்ஜென்சி சொன்னவங்கள வரிசையா நிக்க வெச்சா மலையவே சுத்தி வரும் சார். எந்த ஆஸ்பத்திரி?"

"கீழ்பென்னாத்தூர்."

"டவுன்ல இம்மாம்பெரிய ஆஸ்பத்திரிய வுட்டுட்டு அங்கருந்து இங்க வருவாங்க. நீங்க இங்கருந்து அங்க போறீங்க. ஓரமா நில்லுங்க."

ஓரமாக நின்றேன். நின்றேன் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நல்ல பொய் ஒன்று யோசித்துக்கொண்டு நின்றேன். மணி மூன்றாகி ஐந்து நிமிடம். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு பஸ்ஸுக்குப் பின்னாலும் வெள்ளைக் கார் ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். கார்களை முன்னாலேயே மடக்கி, எங்கோ நிலத்தில் நிறுத்துகிறார்கள் என்று பக்கத்தில் பூ விற்கும் அம்மாள் சொன்னாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நெருக்கி நெருக்கி நிறுத்திய நூறு வண்டிகளுக்கு நடுவில் அதையும் நிறுத்துவார்கள். சாவியை எடுத்தாலும் அந்தக் கம்பியில் உயிர் இருக்கும்.

திரும்ப அந்தப் பெண்ணிடம் போனேன்.

"மேடம், நான் சொன்னது பொய். நான் கார் எலக்ட்ரீஷியன். காலைல என் கார்ல ஒரு வயரு போட்டேன். ஃப்யூஸ் போடாம வுட்டுட்டேன். என் பொண்ணு அந்த வண்டிய ஓட்டினு வர்றா. கூட என் மச்சினிச்சியும் இருக்கா. டேஷ்போர்டுல கற்பூரம் வெச்சிருக்காங்க. வண்டி தீப்பிடிக்கும்."

உள்ளங்கையை விரித்து ஃப்யூஸைக் காட்டினேன். ஏதோ அது அடையாள அட்டை மாதிரி.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எலக்ட்ரீஷியன்ங்கறீங்க. ஃப்யூஸ் போடலங்கறீங்க."

"ஆமாங்க."

"இத வந்த உடனே சொல்றதுக்கு இன்னா சார் கேடு உங்களுக்கு?"

என் வாழ்க்கையில் என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் வயர்லெஸ் மைக்கை எடுத்துவிட்டார். வண்டி நம்பரைக் கேட்டு முதலில் அதை மைக்கில் சொன்னார்.

"கீழ்பென்னாத்தூர் ரோட்ல வெள்ள காரு ஒண்ணு வரும். பொம்பளப் புள்ள ஓட்டினு வரும். நிறுத்தி ஆளுங்கள எறக்கி தூரமா அனுப்புங்க. வண்டிய மத்த வண்டிங்களோட சேக்காதீங்க. தீப்பிடிக்கிற கேஸ்."

மைக்கில் இரைச்சல். பிறகு ஒரு ஆண்குரல்.

"மேடம், அந்த வண்டி இப்பதான் பார்க்கிங்குக்குள்ள திரும்புச்சு. இருங்க... ஸ்டியரிங் கீழ பொகை வருதுன்னு அந்தப் பொண்ணு கத்துது மேடம்."

அவரே தடுப்பை இழுத்து வழிவிட்டார். "ரெண்டு கிலோமீட்டர். பார்த்துப் போங்க, நீங்க விழுந்து வெக்காதீங்க" என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிய ஒரு நிலத்தை அந்த ஒரு நாளைக்குக் கார் நிறுத்தும் இடமாக மாற்றியிருந்தார்கள். காய்ந்த கொடிகள் அங்கங்கே குவிந்து கிடந்தன. கார்கள் வரிசை வரிசையாக நின்றன. நல்லவேளை, எங்கள் வண்டி நிலத்தின் நுழைவிலேயே, வரிசைக்கு வெளியே நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவு விரியத் திறந்திருந்தது. ஸ்டியரிங்கின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை சுருண்டு சுருண்டு வந்தது. உள்ளே யாரும் இல்லை. சுற்றிலும் இருபது பேர், வட்டம் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி. மகளைத் தேடினேன், தெரியவில்லை. அதற்கு மேல் தேட நேரமில்லை.

முதலில் எதைத் தொடுவது? பேட்டரியைக் கழற்றினால் கம்பி அடங்கிவிடும். ஆனால் அது பானெட்டுக்குள். பானெட்டைத் திறக்கும் கொக்கி வண்டிக்குள்ளே, அந்தப் புகைக்குப் பக்கத்தில். அதற்கு மேலே டேஷ்போர்டில் கற்பூரம். நான் கற்பூரத்தை எடுத்தேன். இரண்டு பாக்கெட்டையும் வெளியே வீசினேன். ஒன்றின் அடிப்பக்கம் சூடேறி உறை சுருங்கியிருந்தது. அன்று முழுக்க நான் சரியாக எடுத்த முடிவு இது ஒன்றுதான். இதற்கும் பெரிய மூளை தேவையில்லை, கற்பூரம் எரியும் என்று குழந்தைக்கும் தெரியும்.

மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே குனிந்து கொக்கியை இழுத்தேன். முன்னால் ஓடிப் பானெட்டைத் தூக்கினேன்.

"ஸ்பானர்! யாருக்கிட்டயாவது ஸ்பானர் இருக்கா?"

ஒரு வேன் டிரைவர் தன் வண்டியை நோக்கி ஓடினார். அதற்குள் நான் பேட்டரிக் கம்பியைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. அனுப்புகிற அவசரத்தில் அதையும் நான் முறுக்கவில்லை. சும்மா சொருகி விட்டிருக்கிறேன். என் ஒரு சோம்பேறித்தனம் வைத்த நெருப்பை என் இன்னொரு சோம்பேறித்தனம் அணைத்தது. கூட்டத்தில் ஒரு ஆள், "இன்னா வேகம்யா, கையாலயே புடுங்கிட்டாரு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இந்த மாதிரிப் பாராட்டுகளில்தான் நாம் இவ்வளவு நாளும் ஊறி உப்பியிருக்கிறோம்.

புகை மெல்லக் குறைந்தது. அடிமூடியைக் கழற்றினேன். பெடல் தகட்டின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கம்பியின் தோல் உருகி வழிந்திருந்தது. பக்கத்தில் சத்தத்தைத் தடுக்க ஒட்டியிருந்த பஞ்சு கருகி ஓட்டையாகியிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் என்று சொல்லலாம். இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம். இதை அளந்து சொல்கிறவன் எவனும் கிடையாது.

வேன் டிரைவர் வந்து ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். விவரம் தெரிந்தவர் போலிருக்கிறது.

"டைரக்டா எடுத்துக்கிறான் பாரு. ஃப்யூஸும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. கீழ முச்சூடும் காஞ்ச மல்லாட்டக் கொடி. புடிச்சிருந்தா அத்தன வண்டியும் போயிருக்கும். எவன் சார் இந்த வேலைய பண்ணவன்? அவன் கைய ஒடைக்கணும்."

இருபது பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சிலர் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். யாரோ ஒரு மெக்கானிக் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லி நாம் எத்தனையோ தடவை தப்பித்திருக்கிறோம். நம் கைக்கு வருகிற எல்லா வண்டியிலும் தப்பு செய்தவன் நமக்கு முன்னால் தொட்டவன்தான்.

"நான்தான்" என்றேன்.

"நீங்களா? நீங்க இன்னா வேல சார் பண்றீங்க?"

"இதே வேலதான்."

அவர் ஸ்பானரை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். வேலையில் தப்பு வந்தால் முதல் நிமிடத்தில் வாயைத் திறங்கள். யாருக்குப் போன் கிடைத்ததோ அவரிடம் சொல்லுங்கள். எதிரில் நிற்கிற போலீஸிடம் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டு நாற்பத்தேழுக்குக் கலாவிடம் நான் சொல்லாமல் விட்ட ஒரு வரியால், இருபது வயதுப் பெண் ஒருத்தி எரிகிற கம்பிக்குக் கீழே காலை நீட்டி அரை மணி நேரம் வண்டி ஓட்டியிருக்கிறாள். எத்தனை வருஷ அனுபவம் என்று என்னை யாராவது இப்போது கேட்டால் எரிச்சல் வருகிறது.

வண்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போலீஸ்காரர்கள் அவர்கள் இரண்டு பேரையும் நிலத்தின் மறுகோடியில் இருந்த தண்ணீர்ப் பந்தலுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து வரப்பின் மேல் முதலில் கலா தெரிந்தாள். அவளை முந்திக்கொண்டு பவித்ரா ஓடி வந்தாள். செருப்பு இரண்டும் கையில் இருந்தன. முகம் முழுக்கப் புழுதி, அதில் கண்ணீர் ஓடிய கோடுகள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்று வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. ஸ்டியரிங்கின் அடியில் கருகிக் கிடந்த இடத்தைப் பார்த்ததும் உதடு நடுங்க ஆரம்பித்தது.

"அப்பா, சத்தியமா நான் எதயும் தொடலப்பா."